நாலாம் நம்பர் கட்டடம்

அந்தப் பையை இப்பிடிக் குடுங்க தம்பி, நான் மடியில வெச்சுக்கறேன். கம்பியைப் புடிச்சுக்கிட்டு எத்தன நேரம் நிப்பீங்க? சித்த பொறுங்க, இந்தம்மா அடுத்த ஸ்டாப்புல எறங்கிரும், அப்பறம் நீங்க உக்காந்துக்கலாம். என்ன கேட்டீங்க? மியூசியத்துக்கு எங்க எறங்கோணுமா? அட, கண்டக்டரை ஏன் கேக்கறீங்க, அவனுக்கென்ன தெரியும்? நானும் அங்கதானுங்க போறேன், என்ர ஊரே அதுதான். இன்னும் முக்கா மணி நேரமாகும். நாகம்புதூர் மேட்டுக்காடுன்னு கேட்டு எறங்கோணும். என்ர கூடவே எறங்கிக்கங்க.

உக்காருங்க, உக்காருங்க. எடம் வந்துருச்சு.

மியூசியத்துல என்ன பாக்கப் போறீங்க? தங்கத் தோடா? எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. தோட்டுல என்னங்க இருக்குது, நகைக்கடையில இல்லாத தோடா? நேரா பின்பக்கம் போயிருங்க. தகரக் கூரை போட்டு, கம்பி வேலி கட்டி, கீழே ஒரு செங்கல் கட்டடம் இருக்கும். மொழங்கால் ஒசரத்துக்குத்தான் செவுரு மிச்சம். நாலாம் நம்பர் கட்டடம்னு பேரு. அதுல ஒரு மூலையில ஒரு குழி. அந்தக் குழியாலதான் என்ர பொண்ணு கல்யாணம் நின்னு போகப் பாத்துச்சு.

சிரிக்காதீங்க தம்பி. மெய்யாலுமே.

எம்பேரு அர்த்தநாரி. ஜமுக்காளம் நெய்யறவன். பவானி ஜமுக்காளம் கேள்விப்பட்டிருப்பீங்க. வீட்டுக்குள்ள குழித்தறி. குழித்தறின்னா என்னன்னா, தரையில ஒரு குழி வெட்டி, அதுக்குள்ள காலைத் தொங்கவிட்டு உக்காந்து, மிதியை மிதிச்சு நெய்யறது. தறி தரைமட்டத்துல இருக்கும், நம்ம கால் பூமிக்குள்ள இருக்கும். சொகமான வேலைங்க. எனக்குக் கோவமே வராதுங்கறது ஊருக்கே தெரியும், அதுக்குக் காரணம் அந்தக் குழிதான். கால் குளுந்து கெடந்தா மண்டை சூடாகாது.

நல்லசிவம்னு ஒருத்தர். எனக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் குடுக்கறவரு. தூரத்துச் சொந்தம், மொறைக்கு மச்சான். முப்பது வருஷப் பழக்கம், முப்பது வருஷச் சண்டை. இவர் சாயம் போகுதுன்னு நான் சொல்லுவேன். உனக்குத் தறிக்குப் பாவு நூல் போடத் தெரியலன்னு அவர் சொல்லுவாரு. ஒரு தடவ பன்னெண்டு ஜமுக்காளம் செவப்பு கலங்கி வெள்ளைக் கோட்டுல ஏறிப் போச்சு. சாயம் நல்லாக் காயறதுக்கு முந்தியே நான் பாவு ஓட்டிட்டேன்னு அவரு சொல்றாரு. ஒரு நாள் முன்னால ஓட்டியிருப்பேன். ஒரு நாளெல்லாம் ஒரு தப்பா தம்பி?

ஆனா ஒண்ணு. இத்தனை சண்டையிலயும் அவரைத் தவிர வேற ஆள்கிட்ட நான் நூல் குடுத்ததில்ல. அவரும் வேற எவனையும் வாய் நெறைய வைஞ்சதில்ல.

அவரு மகன் பரணிதரன், ஈரோட்டுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கறான். என்ர பொண்ணு வினோதினி, கணக்கு டீச்சர். ரெண்டுக்கும் புடிச்சுப் போச்சு. எங்களுக்கும் சந்தோசந்தான். பங்குனியில நிச்சயம் முடிஞ்சுது. ஆனி மாசம் பதினெட்டாம் தேதி முகூர்த்தம். பத்திரிகை அடிச்சாச்சு. இதையெல்லாம் மனசுல வெச்சுக்கங்க. இனிமேத்தான் குழி வருது.

சித்திரையில மேட்டுக்காட்டுல தோண்ட ஆரம்பிச்சாங்க. ஒரு மேடம் வந்தாங்க, மங்கையர்க்கரசின்னு பேரு. தஞ்சாவூர்ப் பக்கம். கூலிக்குப் போன பொம்பளைங்க அரசி மேடம்னு கூப்புடுவாங்க. ஆளு ஒல்லி, தலையில துணித்தொப்பி, கையில எப்பவும் ஒரு சின்ன பிரஷ்ஷு. அதட்டியே பேசத் தெரியாது. அந்த மாதிரி ஆளுகதான் தம்பி நம்மளை நல்லா வேலை வாங்குவாங்க.

நான் தினமும் பொழுதோட போயி நிப்பேன். எனக்குப் புடிச்சது தோண்டறதில்ல, எழுதறது. ஒரு சாமான் கெடைச்சா ஒடனே கழுவி வெச்சுர மாட்டாங்க. ஒரு அட்டை. அதுல நம்பரு, எந்தக் குழி, எத்தன ஆழம், என்ன பொருள்ல செஞ்சது, கடைசியா வகை. அந்த வகைங்கற எடம்தான் எல்லாம். கருவி நெசவு, கருவி சமையல், அணிகலன், விளையாட்டுப் பொருள்னு ஒரு பட்டியலே வெச்சிருந்தாங்க. கட்டடத்துக்கும் உண்டு. வீடு, தொழிற்கூடம், கோட்டைச் செவுரு. எதுலயும் சேராட்டிக் கடைசியா ஒண்ணு: வகை தெரியாதது.

எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. மேடத்துகிட்ட பத்து அட்டை கேட்டு வாங்கிட்டுப் போயி என்ர வீட்டுலயே கட்டி விட்டேன். தறிக்கு கருவி நெசவு. அம்மிக்கு கருவி சமையல். டிவிக்கு விளையாட்டுப் பொருள். என்ர சம்சாரம் சுலோச்சனா பாத்துட்டு, "எனக்கு என்ன வகைங்க?"ன்னு கேட்டா. விவரமுள்ளவன் வாயத் தொறக்கற எடமா அது? நான் தறிக்குள்ள எறங்கிட்டேன். அன்னைக்கு நல்லசிவம் வந்தப்ப அவரு முதுகுல ஒரு அட்டைய ஒட்டி விட்டேன். வகை தெரியாதது. கடைவீதி வரைக்கும் அப்படியே போயிட்டாரு.

வைகாசி மொத வாரம் நாலாம் நம்பர் கட்டடத்துல அந்தக் குழி வந்துச்சு. மூணடி நீளம், ரெண்டரையடி அகலம், தொடை ஆழம். பக்கமெல்லாம் களிமண்ணு பூசி வழவழன்னு இருக்குது. ஓரத்துல ரெண்டு கம்பம் நட்ட பள்ளம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, நீங்க குழித்தறியில உக்கார்றவரு. இதைப் பார்த்தா என்ன தோணுது?"ன்னு கேட்டாங்க.

என்னைக் கேட்டாங்க தம்பி! அத்தன ஆளு நிக்கறப்ப என்னை!

நான் செருப்பைக் கழட்டிட்டேன். மரியாதை தெரிஞ்சவன். எறங்கி, விளிம்புல உக்காந்து, காலை உள்ள விட்டேன். "ஐயோ, ஏறுங்க, ஏறுங்க!"ன்னு மேடம் கத்தற சத்தம் ரோட்டுக்குக் கேட்டுச்சாம். ஆனா என்ர காலு சொல்லிப்போட்டுது. அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. "மேடம், இது குழித்தறி. அந்த ரெண்டு பள்ளமும் நெய்ஞ்ச துணியைச் சுத்தற படைமரம் தாங்கற கம்பத்துக்கு. எழுதிக்கங்க, தொழிற்கூடம், நெசவு"ன்னேன்.

அப்பப் பின்னால ஒரு கொரலு. "தறியாவது மண்ணாங்கட்டியாவது." யாருங்கறீங்க? மச்சானேதான்.

"தறிக்குழிக்கு எவனாச்சும் உள்பக்கம் பூசுவானா? தண்ணி நிக்கறதுக்குத்தான் பூசுவாங்க. இது சாயத்தொட்டி. அந்தக் கம்பம் நூல் கழி தொங்கவிடறதுக்கு"ன்னு சொல்லிட்டு, ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வந்துட்டாரு, ஊத்திக் காட்டறேன்னு! மேடம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுக் குழிக்கு முன்னால நின்னுட்டாங்க. பாவம், ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் கொடம்.

மேடம் சொன்னாங்க, "தறியாவும் இருக்கலாம், தொட்டியாவும் இருக்கலாம், ரெண்டுமே இல்லாமலும் இருக்கலாம். குழியோட உருவத்தை வெச்சு நான் எழுத மாட்டேன். அந்தத் தளத்து மேல என்னென்ன பொருள் கெடக்குதோ, அதை வெச்சுத்தான் எழுதுவேன்."

இதுல சண்டை போட என்னங்க இருக்குதுன்னு நீங்க நெனைக்கலாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால எங்க ஊர்ல மொதமொதக் குடியிருந்தவன் நெசவாளியா, சாயக்காரனா? சாதாரண விசயமா அது? டீக்கடை ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. தறிக்கட்சி ஒரு பெஞ்சு, தொட்டிக்கட்சி ஒரு பெஞ்சு. மச்சான் எனக்குச் சொல்லியனுப்பறாரு: "சம்பந்தம் பண்றவரு எங்க தொழிலை மதிக்கோணும். மொதல்ல அது தொட்டின்னு ஒத்துக்கட்டும், அப்பறம் பந்தக்கால் நடலாம்." நான் சொல்லியனுப்பினேன்: "தறியைத் தொட்டிங்கற வீட்டுல என்ர பொண்ணு எப்படிப் பொழைப்பா? யோசிக்கோணும்." கோவத்துல சொல்லலீங்க. நிதானமாத்தான் சொன்னேன். சொல்லும்போது சொம்பு ஒண்ணு எட்டிப் போயி விழுந்துச்சு, அது கை தவறினது.

பொண்ணு எங்கிட்டப் பேசறதை நிறுத்திட்டா. சோறு போட்டுட்டு அக்கட்ட போயிருவா.

அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. மேடம் என்ன சொன்னாங்க? தளத்து மேல என்ன கெடக்குதோ அதை வெச்சு எழுதுவேன்னாங்க. சரி, கெடக்கட்டும்னு நெனைச்சேன். எங்கப்பாரு வெச்சிருந்த நாடா ஒண்ணு, எருமைக் கொம்புல செஞ்சது, பரண்ல இருந்துச்சு. நாடான்னா, ஊடை நூலை வெச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசறோமில்ல, அதுதான். மத்தியானம் ஆளுகெல்லாம் வேப்பமரத்தடியில சோறு உங்கற நேரம். நான் எறங்கி, குழிக்குப் பக்கத்துல ஒரு சாண் ஆழம் நோண்டி, நாடாவை வெச்சு, மண்ணைத் தட்டி விட்டுட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. பொய்யில்லீங்க அது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால அங்க ஒரு நாடா இருந்துதானே இருக்கோணும்? அது மக்கிப் போச்சு. அதுக்குப் பதிலு நான் ஒண்ணு வெச்சேன். அவ்வளவுதான்.

ஏறி வர்றேன், எதுக்கால மச்சான் வர்றாரு, கையில மஞ்சப்பை. "எங்க மச்சான்?"னேன். "சும்மா"ன்னாரு. "நீ எங்க மாப்ளே?"ன்னாரு. நானும் "சும்மா"ன்னேன். ரெண்டு பேரும் வெகு மரியாதையாப் பிரிஞ்சுட்டோம். அந்த மரியாதையிலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

அடுத்த நாள் காலையில பொன்னாத்தான்னு ஒரு பொம்பளை பிரஷ்ஷுல தேய்ச்சுட்டிருந்தவ, "மேடம், ஏதோ வருது!"ன்னு கத்தினா. கூட்டம் கூடிப் போச்சு. மச்சானும் இருக்கறாரு, நானும் இருக்கறேன். மேடம் மண்டி போட்டு, மண்ணை ஊதி ஊதி, நாடாவை வெளிய எடுத்தாங்க. அந்த மொகத்தை நீங்க பாத்திருக்கோணும். விளக்குப் போட்ட மாதிரி ஆயிருச்சு. "கொம்புல செஞ்ச நாடா... இப்படி முழுசா எங்கயுமே..."ன்னு கொரலு நடுங்குது. அத்தன சந்தோசப்படுவாங்கன்னு நான் நெனைக்கல.

திருப்பிப் பாத்தாங்க. நாடாவோட கண்ணுல ஒரு வெரல்கடை நூலு மாட்டிக்கிட்டு இருக்குது. செக்கச் செவேல்னு.

நான் அதைக் கழட்டாம வெச்சுட்டேன் தம்பி! நெய்யறவன் கண்ணுக்கு நாடாவுல நூலு இருக்கறது தெரியுமா? நாடான்னா நூலு இருக்கும், அவ்வளவுதான்.

அப்ப மச்சான் கூட்டத்தை வெலக்கிட்டு முன்னால வந்து, குனிஞ்சு பாத்து, ஒரே சந்தோசமாக் கத்தறாரு: "இது என்ர செவப்பு! நான் போட்ட சாயம்! பாருங்க மேடம், இவங்க வீட்டுப் பரண்ல முப்பது வருஷம், மண்ணுல ஒரு நாள், துளி போகல! யோவ் மாப்ளே, இன்னொருக்கா என்ர சாயம் போகுதுன்னு சொல்லு பாக்கலாம்!"

என்னைக் காட்டிக் குடுக்கோணும்னு இல்லீங்க. அவருக்கு அந்த நேரத்துல அந்தச் செவப்பைத் தவிர வேற எதுவும் கண்ணுல படல.

அதுக்குள்ள பொன்னாத்தா இன்னொண்ணு எடுத்துட்டா. பானை ஓடு, உள்பக்கமெல்லாம் நீலச் சாயம் ஏறினது. மச்சான் மொகம் ஒரு மாதிரி ஆச்சு. நான் வாங்கித் திருப்பிப் பாத்தேன். விரிசல்ல சிமெண்ட்டு பூசியிருக்குது. "மச்சான், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி எந்தக் கடையில சிமெண்ட்டு வாங்கினாங்க?"ன்னு கேட்டேன். கூட்டம் சிரிச்ச சிரிப்புல மேட்டுக்காடே குலுங்குச்சு.

மேடம் மட்டும் சிரிக்கல.

தொப்பியைக் கழட்டிட்டு மண்மேட்டுல உக்காந்துட்டாங்க. சத்தமே போடல. "ஒன்றரை மாசமா ஒவ்வொரு விரல்கடை மண்ணையும் எண்ணி எடுத்திருக்கேன். இப்ப எது அந்தக் காலத்து மண்ணு, எது நேத்து மண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தளத்தை இனி நான் நம்ப முடியாது. இந்தக் கட்டடத்துக்கு 'வகை தெரியாதது'ன்னுதான் எழுதணும்"னு சொன்னாங்க. அடிச்சிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போனா, எனக்கு முன்னால சேதி போயிருக்குது. வினோதினி வாசல்ல நிக்கறா. பத்து நாளா பேசாதவ பேசினா. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால செத்துப் போனவங்க என்ன வேலை பாத்தாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்கப்பா. நான் இன்னும் உசுரோட இருக்கறேன். என்னைப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களும் மாமாவும் ஒண்ணாப் போயி அந்த மேடம்கிட்ட மன்னிப்புக் கேட்டு, கெடுத்ததைச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி ஆனி பதினெட்டுக்கு மண்டபத்துல நான் இருக்க மாட்டேன். பரணியும் இதையேதான் சொல்லியிருக்கறாரு."

ஒரே பொண்ணு. அவ கண்ணு கலங்கி நான் பாத்ததே இல்ல. பள்ளிக்கூடத்துல விழுந்து கை ஒடிஞ்சப்பக் கூட அழுகாத புள்ளை அது.

சட்டையைப் போட்டுக்கிட்டு மச்சான் வீட்டுக்குக் கெளம்பினேன். பாதி வழியில டீக்கடைகிட்ட, அவரு என்ர வீட்டைப் பாத்து வர்றாரு. ரெண்டு கட்சி பெஞ்சும் எங்களையே பாக்குது. "போலாமா?"ன்னாரு. "போலாம்"னேன். அவ்வளவுதான் பேச்சு.

மேடம் எங்களைப் பாத்ததும் எந்திரிக்கக் கூட இல்ல. மச்சான்தான் சொன்னாரு, "மேடம், நாங்க எங்க நோண்டினோம், எத்தன ஆழம் நோண்டினோம், எங்களுக்குத் தெரியுமுங்களே. காட்டறோம். அந்த மண்ணை மட்டும் தனியா எடுத்துட்டா?" மேடம் நூலும் ஆணியும் எடுத்துக் குடுத்து, "கட்டிக் காட்டுங்க"ன்னாங்க.

அளவு சொல்றதுல எங்களை அசைக்க முடியாது தம்பி. ஒருத்தன் இழை எண்றவன், ஒருத்தன் நூலைச் சாயத்துல முக்கற நேரத்தை எண்றவன். ஒரு வெரல்கடை தப்பில்லாம நாலு மூலைக்கும் நூல் கட்டிக் காட்டினோம். மேடம் பிரஷ்ஷால நீவிப் பாத்தாங்க. நாங்க கட்டின கோட்டுக்கு அக்கட்ட மண்ணு கெட்டியா இருக்குது, இக்கட்ட பொதபொதன்னு இருக்குது. அப்பத்தான் அவங்க மொகத்துல உசுரு வந்துச்சு. "சரி. கலைஞ்ச மண்ணு முழுக்க நீங்க ரெண்டு பேருதான் சலிக்கணும்"ன்னுட்டாங்க.

மூணு நாள். ஒரு சல்லடை, நான் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். ஆட்டறது ஒரே தாளத்துல ஆட்டினாத்தான் மண்ணு எறங்கும், இல்லாட்டி மூஞ்சியில அடிக்கும். மொத நாள் ரெண்டு பேர் மூஞ்சியிலயும் அடிச்சுது. ரெண்டாம் நாள் மதியம் சரியா வந்துருச்சு. அப்பப் போயி நான் கேட்டேன், "மச்சான், அந்தப் பன்னெண்டு ஜமுக்காளம், ஒரு நாள் பொறுத்திருந்தா சரியா வந்திருக்குமா?" "அரை நாள் பொறுத்திருந்தாலே போதும் மாப்ளே"ன்னாரு. முப்பது வருஷமா இதைச் சொல்லாம இருந்திருக்கறாரு பாருங்க, என்ன அழுத்தம்! என்ன, சொல்லியிருந்தாரா? ஆமா, சொன்னாரு, சொன்னாரு. சத்தமாச் சொன்னாரு, அதனால காதுல விழல.

மூணாம் நாள் சல்லடையில ஏதோ உருண்டுச்சு. மச்சான் பக்கந்தான் வந்துச்சு. கையில எடுத்துத் தொடைச்சாரு. சுட்ட மண்ணுல வட்டமா, நடுவுல ஓட்டை. தக்களி, தம்பி. பஞ்சுல நூல் முறுக்கறதுக்குக் குச்சியில மாட்டற வட்டு. இது நாங்க வெச்சதில்ல. எங்க கலைப்புல மேல வந்த நெசமான பழைய சாமான். நூல் சம்பந்தப்பட்டது, என்ர கட்சிக்குச் சாட்சி. நான் பாக்கல, கண்ணுல மண்ணு விழுந்து கசக்கிட்டிருந்தேன். அவரு நெனைச்சிருந்தா உள்ளங்கையில மூடி அந்தாண்டை வீசியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"மாப்ளே, கையை நீட்டு"ன்னாரு. என்ர கையில வெச்சு, "இது உங்க கட்சி. மேடம்கிட்ட நீயே குடு"ன்னாரு.

அழுகை வந்துருச்சுங்க. கண்ணுல மண்ணுன்னு சொல்லிட்டேன். மண்ணும்தான்.

அப்பறம் மேடம் கலையாத தளத்தைத் தோண்டினாங்க. கரி புடிச்ச சட்டி ஒண்ணு. அடுப்புச் சாம்பல். ஒடைஞ்ச அம்மி. எலும்பு ஊசி. குழந்தை வெளையாடற மண்வண்டிச் சக்கரம் ஒண்ணு, இத்துனூண்டு. எல்லாத்துக்கும் அட்டை போட்டு, கடைசியா நாலாம் நம்பர் கட்டடத்து அட்டையை எடுத்து மேடம் எழுதினாங்க. நானும் மச்சானும் ரெண்டு தோளுக்கும் மேல எட்டிப் பாக்கறோம்.

வகை: வீடு.

"வீடா!"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம். "வெறும் வீடுங்களா மேடம்?"

"குழி?"ன்னாரு மச்சான்.

"குழி, பயன் தெரியவில்லை."

எனக்கு வந்துச்சு பாருங்க, கோவம் இல்ல, ஒரு ஆதங்கம். "மேடம், தக்களி கெடைச்சிருக்குது!"ன்னேன். மச்சான் எனக்கு மேல கத்தறாரு, "ஆமாங்க மேடம், தக்களி கெடைச்சிருக்குது! நெசவுன்னாவது எழுதுங்க! இந்தாளு கால் வேற உள்ள சரியா உக்காந்துச்சு!" எனக்காகப் பேசறாரு தம்பி, தொட்டிக்கட்சித் தலைவரு. நான் விடுவேனா? "தொட்டின்னாவது எழுதுங்க மேடம், உள்ள பூசியிருக்குதே!"ன்னேன்.

மேடத்துக்கு அன்னைக்குத்தான் சிரிப்பு வந்துச்சு. "ஐயா, உங்க வீட்டுல எல்லாத்துக்கும் அட்டை கட்டியிருக்கீங்களாம், உங்க சம்சாரம் சொன்னாங்க. தறிக்கு என்ன எழுதினீங்க?"

"கருவி, நெசவு."

"அம்மிக்கு?"

"சமையல்."

"வாசக்கதவுல என்ன அட்டை கட்டினீங்க?"

"அதுல ஒண்ணும் கட்டலீங்க."

"ஏன்? உள்ள தறி இருக்கே, தொழிற்கூடம்னு எழுதிக் கட்டியிருக்கலாமே?"

"அது எப்படிங்க மேடம், அது வீடுங்க"ன்னேன்.

சொன்னப்பறம்தான் எனக்கே கேட்டுச்சு. மச்சான் என்னைப் பாத்தாரு, நான் மச்சானைப் பாத்தேன். பொழுதோட வீட்டுக்குப் போயி வினோதினிகிட்ட, "எழுதிட்டாங்க சாமி. வீடாம்"னு சொன்னேன். அவ சிரிச்சுட்டு, "அப்பா, எனக்கு அது போதும்"னா. அன்னைக்குத் தோசை போட்டுட்டு அக்கட்ட போகல, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா.

ஆனி பதினெட்டு கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சுங்க. மேடம் வந்திருந்தாங்க. பரிசு என்ன குடுத்தாங்க தெரியுமா? எங்கப்பாரு நாடா. அதுல ஒரு அட்டை. "எண் 214. கருவி, நெசவு. ஒதுக்கப்பட்டது." கணக்குல சேக்கலைன்னு அர்த்தம். நூலைக் கழட்டவே இல்ல. இப்ப என்ர பொண்ணு வீட்டுல செவுத்துல மாட்டியிருக்குது. பேரனுக்கு ரெண்டு வயசு, அந்தச் செவப்பு நூலைத்தான் புடிச்சு இழுக்கறான். இன்னும் அந்தச் சாயம் போகல. நான் இதை மச்சான்கிட்ட ஒத்துக்க மாட்டேன், நீங்களும் சொல்லிராதீங்க.

இப்ப எதுக்கு மியூசியத்துக்குப் போறேன்னா, ஈரோட்டுல பேரனைப் பாத்துட்டுத் திரும்பறப்ப மாசம் ஒருக்கா போவேன். அந்தக் கம்பி வேலிக்கு முன்னால ஒரு பலகை வெச்சிருக்கறாங்க. மேல "கட்டடம் 4, வீடு"ன்னு இருக்கும். செவுரு நீளம், செங்கல் அளவு எல்லாம் எழுதி, கடைசி வரியைப் பாருங்க. மறக்காமப் பாருங்க தம்பி, அதை யாருமே படிக்கறதில்ல. "தளத்தின் ஒரு பகுதி பிற்காலத்தில் கலைக்கப்பட்டுள்ளது."

பிற்காலம்னா யாருன்னு நெனைக்கறீங்க? நாங்கதானுங்க! அந்தத் தோடு போட்டவ பேரு தெரியாது, அந்த வீட்டுல இருந்தவன் பேரு தெரியாது. ஆனா எங்க ரெண்டு பேரையும் பலகையில ஏத்திட்டாங்க. பேரு போடல, அது மேடத்தோட அடக்கம். போன மாசம் மழையில அந்த வரியில ஒரு எழுத்து உதுந்து போச்சு. அதுக்குத்தான் என்ர பையில பெயிண்டு. செவப்பு. மச்சான் கலக்கினது, போகாது.

கூட்டம் கொறைஞ்சு போச்சு. ஸ்டாப்பு வரப் போகுது, எந்திரிங்க. அதா, முன்னால ரெண்டாவது சீட்டுல, சோத்துத் தூக்குப்போசியை மடியில வெச்சுக்கிட்டு, தலையைச் சாய்ச்சுத் தூங்கற மாதிரி ஒருத்தர் இருக்கறாரு பாருங்க, அவருதான். தூங்கல தம்பி. ஏறினதுல இருந்து நான் சொன்னது ஒண்ணு விடாமக் கேட்டுட்டுத்தான் இருக்கறாரு. அந்தச் சிமெண்ட்டு விசயம் வந்தப்ப மட்டும் காது ஆடுச்சு.

மச்சான், எந்திரிங்க. பெயிண்டு நான் வெச்சிருக்கறேன். பிரஷ்ஷு உங்ககிட்டத்தான?